தேங்காய்நார்த் தாய்

"அக்கா, உன் சொந்தக்காரன் ஒர்த்தன் கப்பல்ல வந்துகீறான். போய்ப் பாக்கலியா?"

தம்பி வால்டர் வாசலிலேயே நின்று கத்தினான். எல்சி மேசைமேல் ஒரு குரங்கின் தாடையெலும்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். துறைமுகத்தில் கயிற்று வேலை செய்கிறவன் அவன். அக்காவைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் அவள் தலையைத் தூக்கவில்லை.

"மெய்யாலுமேக்கா. சிங்கப்பூர் கப்பல். செம்பட்ட மயிரு, இம்மாம் நீளம் கையி."

எல்சியின் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது.

பதினான்கு வருடமாக அவள் படித்ததெல்லாம் குரங்கினத்தையும் மனிதன் உருவான கதையையும்தான். ராயபுரத்தில் அவளுக்குக் குரங்கு டீச்சர் என்றே பெயர். ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் ஆதாம் ஏவாள் என்று ஆரம்பித்தால் போதும், பெண்கள் பக்கத்துத் தலை அத்தனையும் அவளைத் திரும்பிப் பார்க்கும். அவளும் சளைக்காமல் பதிலுக்குச் சிரித்து வைப்பாள். ஆனால் வாலில்லாக் குரங்கு ஒன்றைக்கூட அவள் உயிரோடு பார்த்ததில்லை என்பது ஊருக்குத் தெரியாது. மண்டையோடுகளையும் அடுத்தவர் எழுதியதையும் வைத்தே புத்தகம் போட்டிருந்தாள். குட்டியைத் தாயோடு பிணைப்பது பால் ஒன்றுதான் என்று நான்காம் அத்தியாயத்தில் அடித்துச் சொல்லியிருந்தாள். கல்லூரி வேலை கிடைத்ததே அந்த அத்தியாயத்தால்தான்.

கப்பலின் மேல்தளத்தில் மரச்சட்டக் கூண்டுக்குள் அது உட்கார்ந்திருந்தது. ஒராங்குட்டான் குட்டி. ஒரு வயதுகூட இருக்காது. தாய் பினாங்கு தாண்டியதும் காய்ச்சலில் செத்துப்போய், கடலில் போட்டுவிட்டார்களாம். குட்டி தன் கைகளால் தன் தோளையே இறுக்கிக் கட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தது. ஐரோப்பாவில் ஏதோ மிருகக்காட்சிசாலைக்குப் போகிறதாம். கப்பல் சனிக்கிழமை புறப்படும். அன்று செவ்வாய்.

"யாரும் கையால் தொடக்கூடாது. தாய்க்கு வந்தது என்ன காய்ச்சலோ!" என்றார் கப்பல் அதிகாரி. "மூன்று நாளாகத் தண்ணீரை நக்குவதோடு சரி, வேறொன்றும் குடிக்கவில்லை. நீங்கள் படித்தவர். குடிக்கவைத்தால் பிழைக்கும்."

எல்சிக்கு அதில் சந்தேகமே இல்லை. பால்தானே? பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, புட்டியில் நிரப்பிச் சட்டத்தின் இடைவெளியில் நீட்டினாள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆட்டுப்பால் கொண்டுவந்தாள். டப்பாப் பால் கரைத்தாள், தேன் கலந்தாள். புதன் போயிற்று. வியாழனன்று அது கண்ணைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. குறிப்பேட்டில் எழுத வந்தவள் எழுதுவதையே மறந்துபோனாள். கூண்டுக்கு முன்னால் குந்தி, "குடிடா கண்ணா, ஒரு வாய் குடிடா" என்று கெஞ்சினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குட்டி செத்துவிடும் என்று தோன்றியபோது அவளுக்குப் புத்தகமும் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம், அது ஒரு வாய் குடித்தால் போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வால்டர் தோளில் ஒரு பெண்டரோடு மேலே ஏறி வந்தான். கப்பலும் துறைமுகச் சுவரும் உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் தொங்கவிடுகிற மூட்டை அது. பழங்கயிற்றைப் பிரித்து, தேங்காய்நாரைத் திணித்து, வெளியே சடைசடையாகப் பின்னி அவன்தான் செய்வான். புதுசு, இன்னும் தண்ணீர் படாதது. அதைக் கூண்டின்மேல் சாய்த்துவிட்டு பீடி பற்றவைத்தான்.

"இன்னாக்கா, இன்னும் துன்னலியா இவன்?"

எல்சி பதில் சொல்வதற்குள் சட்டத்துக்கு நடுவிலிருந்து நீளமான ஒரு கை வெளியே வந்தது. செம்பழுப்பு நாரைத் தொட்டது. அப்புறம் பிடித்தது. இன்னொரு கையும் வந்தது.

"டேய், வுட்ரா! பேஜாரு பண்ணாத, தொரை கேப்பாரு!" வால்டர் பெண்டரை இழுத்தான். மூன்று நாளாகத் தலை தூக்காத குட்டி, கூண்டே ஆடும்படி பதிலுக்கு இழுத்தது.

"இழுக்காதே வால்டர்!" எல்சி குறுக்கே பாய்ந்தாள். "உள்ளே போடு. அப்படியே உள்ளே போட்டுடு."

சத்தம் கேட்டு வந்த கப்பல் அதிகாரி கூண்டின் மேல்மூடியைத் திறந்தார். பெண்டர் உள்ளே விழுந்ததும் குட்டி அதன்மேல் ஏறி நாலு கையாலும் வளைத்துக்கொண்டது. நாருக்குள் முகத்தைப் புதைத்தது. தன் தோளைக் கட்டியிருந்த கைகளுக்கு இப்போதுதான் வேலை கிடைத்தது. ஒரு மணி நேரம் அசையாமல் தூங்கியது. விழித்ததும் எல்சி புட்டியை நீட்டினாள். நாரை விடாமல், தலையை மட்டும் திருப்பி அது குடித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தது.

எல்சி கப்பல் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

சனிக்கிழமை கப்பல் போனது. பெண்டரும் கூடவே போனது. வால்டரின் மேஸ்திரி அத்தாவுல்லா வந்து பெண்டர் எங்கே என்று கேட்டபோது, "அத்த ஒரு அநாதப் புள்ள தத்து எட்துகினு பூட்ச்சி பாய்" என்றான் வால்டர். வேறொன்று பின்னித் தரும்வரை மேஸ்திரி அவனை விடவில்லை.

அன்று சாயங்காலம் எல்சி பேனாவைத் திறந்தவள் எழுதாமலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா?"

"நாலாம் அத்தியாயம் தப்புடா. பால் முன்னாடியே இருந்துச்சு, அது குடிக்கலை. பிடிச்சுக்க ஒண்ணு கிடைச்ச பிறகுதான் குடிச்சுது. என் புத்தகம் தப்புன்னு நானே எழுதணும்."

"வேல பூடுமா?"

"தெரியலை. சிரிப்பாங்க." பேனாவை உருட்டினாள். "உன்னை வச்சுத்தான்டா அதை எழுதினேன். அம்மா செத்தப்போ நீ எட்டு நாள் குழந்தை. டப்பாப் பால் கரைச்சு உன்னை வளர்த்தவ நான். அப்புறம் உனக்கு நாலு வயசானப்போ உன்னை விட்டுட்டு போர்டிங் போனேன். பையன் வேளாவேளைக்குப் பால் குடிக்கிறான், நல்லா இருக்கான்னு அத்தை எழுதினாங்க. பால்தான் எல்லாம்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன்."

வால்டர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"குட்ச்சேன், பொய்யில்ல. உன் பயைய பாவாட கையில கீற வரிக்கும் குட்ச்சேன். ஒரு தபா அத்தை அந்தப் பாவாடயத் தொவைக்கப் போட்டாங்க. காயுற வரிக்கும் ஒரு வாய் வைக்கல. இத்தப் போயி லெட்டர்ல எய்துவாங்களா?"

இருபத்தைந்து வருடம் இதை அவன் சொல்லவே இல்லை. எல்சி எட்டி அவன் கையைப் பிடித்தாள். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. விடத் தோன்றவில்லை, அவனும் விடுவித்துக்கொள்ளவில்லை.

"என் பேர எய்துவியா அதுல?"

"முதல் வரியே நீதான்."

"குரங்குன்னு எய்திடாதக்கா" என்றான் வால்டர்.

அவள் இடது கையை அவன் கையிலேயே விட்டுவிட்டு, வலது கையால் எழுதத் தொடங்கினாள்.