ரெண்டு கோட்டுக் கெட்டில்

எட்டாம் வகுப்புக்கு ஓவியம் என்பது செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட். பாடத்திட்டத்தில் அதற்கு ‘அறிமுக ஓவியம்’ என்று பெயர். அறிமுகம் என்னவோ ஒரே ஒரு கெட்டிலோடுதான் நடந்தது. ஆய்வகத்துக்கு அடுத்த அறை. பள்ளிக்கூடத்தில் கால் உடைந்த பெஞ்சுகளெல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம். நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு அலுமினிய கெட்டில். எந்தக் காலத்திலோ கீழே விழுந்து இடுப்புக்கு மேலே நசுங்கிப் போனது. ஜூன் மாதம் தொடங்கி அதையே பார்த்துப் பார்த்து, பிள்ளைகளுக்கு சொந்தக்காரர் முகத்தைவிட அந்த கெட்டிலின் முகம் நன்றாகப் பழகிவிட்டது.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அதில் ஒருத்தியைத்தான் எல்லாரும் ‘ரெண்டு கோடு’ என்று கூப்பிட்டார்கள். முதல் வாரமே அவள் கெட்டிலைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்கு வெளியே அரை இஞ்ச் தள்ளி இன்னொரு கோட்டையும் போட்டு வைத்திருந்தாள்.

“இது என்னம்மா, கெட்டிலுக்கு வேலி கட்டியிருக்க?” என்று கேட்டார் டிராயிங் சார்.

“தையலுக்கு விட்டிருக்கேன் சார்.”

கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சிரிப்பு. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா உடுப்புத் தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் துணி வெட்டுகிறவள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் பார்த்த கோடெல்லாம் அந்த வெட்டு மேசையில் சாக்பீஸால் போட்டவைதான். அங்கே எதை வரைந்தாலும் சுற்றிலும் அரை இஞ்ச் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டைக்குள் ஆள் நுழைய முடியாது. கெட்டிலுக்குள் யாரும் நுழையப் போவதில்லை என்பது அவள் மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஒரு கோடு போட்டு முடிப்பதற்குள் கை தன்னாலே வெளியே தள்ளிப் போய் அடுத்த கோட்டைத் தொடங்கிவிடும். அழிப்பாள். கை மறுபடி போடும். அந்த வருடத்தில் அவள் தேய்த்த ரப்பரை உருட்டிச் சேர்த்திருந்தால் ஒரு பந்து ஆகியிருக்கும்.

அவளுக்கு அந்த வகுப்பு உயிர். இத்தனைக்கும் ஒரு தடவைகூட உருப்படியாக ஒன்றும் வரைந்ததில்லை. ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தில்தான் யாரும் அவளிடம் விடை கேட்கவில்லை. இதில் தேறினால் ஒன்பதாம் வகுப்பில் ஓவியத்தைப் பாடமாக எடுக்கலாம். தேறாவிட்டால் அந்த இடத்தில் கூடுதல் கணக்கு. கணக்கோடு அவளுக்கு ஏற்கெனவே பேச்சுவார்த்தை கிடையாது.

தேறுவதற்கு ஒரே பரீட்சைதான்: வருடக் கடைசியில் பெற்றோர் நாளன்று சுவரில் மாட்டுகிற கெட்டில்.

பெற்றோர் நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, டிராயிங் சார் தன் தடிப் பென்சிலோடு பெஞ்சு பெஞ்சாக வந்தார். வருடா வருடம் நடக்கிற வேலைதான். ஒவ்வொரு படத்தின் மேலும் குனிவார். “இங்க பாரு, இப்படி” என்பார். மூக்கை நிமிர்த்துவார், மூடியை வட்டமாக்குவார், நசுங்கலைத் தட்டி எடுப்பார், பக்கத்தில் நிழல் தீட்டுவார். ரெண்டே நிமிடம். அவர் நகரும்போது அழகான கெட்டில் ஒன்று தாளில் உட்கார்ந்திருக்கும், கீழே பிள்ளையின் பெயரோடு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோடாபுட்டி வாயெல்லாம் பல்லாகிவிட்டாள். “ஏய், எனக்கு நிழலெல்லாம் வந்துருச்சுடி! எங்கப்பா மயக்கம் போட்டு விழப்போறார்.”

“உனக்கு எங்கடி வந்துச்சு? சாருக்குல்ல வந்துச்சு.”

“யாருக்கு வந்தா என்ன? பேரு என்னுதுதானே.”

சார் இவள் பக்கம் திரும்பினார். இந்த முறை அவள் கெட்டில் ஓரளவுக்கு வந்திருந்தது. மூக்கு கோணல்தான், ஆனால் நசுங்கல் அச்சு அசலாக நசுங்கியிருந்தது. அதற்காக மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். சுற்றிலும் வழக்கம்போல இரண்டாவது கோடு.

சார் பென்சிலோடு குனிந்தார். அவள் இரண்டு கையையும் தாளின் மேல் கவிழ்த்தாள்.

“கையை எடும்மா.”

“வேண்டாம் சார்.”

“ரெண்டு கோடு இருக்கு. தப்புதானே?”

“தப்புதான் சார். ஆனா என் தப்பு. நானே திருத்திக்கிறேன். அடுத்த வாரம் வரைக்கும் டைம் குடுங்க.”

“வெள்ளிக்கிழமை மாட்டணும். அடுத்த வாரம் திருத்தி யாருக்குக் காட்டப்போற, காக்காய்க்கா?”

“அப்போ இப்படியே மாட்டுங்க.”

டிராயிங் சார் கோபக்காரர் இல்லை. அதுதான் சங்கடம். அடிக்கிறவராக இருந்தால் முறைத்துவிட்டாவது நிற்கலாம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இப்படியே மாட்டினா சிரிப்பாங்கம்மா. நான் பாஸ் போடவும் முடியாது. கணக்குதான். யோசிச்சுக்கோ” என்றார்.

“யோசிச்சுட்டேன் சார்” என்று தாளை நீட்டினாள். உண்மையில் யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. அவளுடைய வாய் எப்போதுமே மூளைக்கு ஒரு பீரியட் முன்னால் ஓடும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்து, கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலை நீவிக்கொண்டிருந்தாள்.

“அவர் நல்லதுக்குத்தானே செய்யறார்? பேசாம குடுத்துத் தொலைய வேண்டியதுதானே. பாஸாகற வழியைப் பாரு.”

“உங்க ஒர்க்‌ஷாப்புல உன் கட்டுல வேற யாராவது கைவெச்சா விடுவியா?”

அம்மா விரலை நீவுவதை நிறுத்தினாள். அங்கே ஒவ்வொருத்தியும் தான் வெட்டிய துணிக்கட்டின் மேல் தன் நம்பரைச் சாக்பீஸால் எழுதுவாள். தப்பு வந்தால் கட்டு அந்த நம்பருக்கே திரும்பி வரும். போன வருடம் அம்மா வெட்டியதைச் சூப்பர்வைசர் இன்னும் கொஞ்சம் கச்சிதமாக்குகிறேன் என்று நறுக்கிவிட்டார். அறுபது சட்டைக்குக் கை நீளம் குறைந்துபோனது. அறுபதும் அம்மா நம்பருக்கே வந்தது.

“அன்னைக்கு நான் வாயைத் திறந்தேனா?” என்றாள் அம்மா கடைசியில். “மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“இருந்துட்டு ஒரு மாசம் தூங்காம புரண்டே. நான் பார்த்தேன்.”

“போடி, பெரிய மனுஷி” என்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில், வாசலுக்கு எதிர்ச்சுவரில் வரிசை வரிசையாகக் கெட்டில்கள். அவற்றுக்கு முன்னால் ஸ்டூலின் மேல் அசல் கெட்டில், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்ற அப்பா மாதிரி ஒடுங்கி நின்றது. தலைமையாசிரியை ஒவ்வொரு பெற்றோரிடமும் “எல்லாம் நம்ம பிள்ளைங்க கைவண்ணம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் தன்னுடையதைக் கடைசி வரிசையில் தேடினாள். சிரிக்கப் போகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். அத்தனையும் வீணாயிற்று. அங்கே யாரும் சிரிக்கவில்லை. அவள் பெயருக்கு மேலே ஒரே கோட்டில் அழகான கெட்டில். மூக்கு நிமிர்ந்திருந்தது. நசுங்கல் மாயமாகி, அந்த இடம் பளபளவென்று நிழலோடு இருந்தது. மூலையில் சிவப்பு மையில் நாற்பத்தெட்டு. ஐம்பதுக்கு.

பாஸ்.

“அடியே!” அம்மா அவள் தோளை அழுத்தினாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “நீயா போட்ட? என் கண்ணே பட்டுடும்போல இருக்கு. இவ்வளவு கையை வெச்சுக்கிட்டா என்கிட்ட அழுது வடிஞ்சே?”

அம்மா அந்த மாதிரி அவளைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது. ‘ஆமாம்மா’ என்று ஒரு வார்த்தை போதும். அடுத்த வருடம் ஓவியம், அம்மாவுக்கு ஒரு வாரத்துக்குச் சிரிப்பு, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த ஒரு தடவை வாய் முந்திக்கொள்ளவில்லை. மூளைதான் முதலில் வந்தது. வந்து நின்று, நன்றாக யோசித்து, வாய் அன்றைக்குப் போன அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

“நான் போட்டது இல்லம்மா” என்றாள். எட்டி, நான்கு மூலையிலும் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

தலைமையாசிரியை ஓடி வந்தார். “என்ன பண்ற? யாரு உன்னைக் கழட்டச் சொன்னது?”

“இது என் படம் இல்ல மேடம். பேரு மட்டும்தான் என்னுது.”

டிராயிங் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. “உனக்காகத்தான்மா செஞ்சேன். ராத்திரி உட்கார்ந்து செஞ்சேன்.”

“தெரியும் சார். அதான் கிழிக்காம கழட்டினேன்.”

பின்னாலிருந்து யாரோ ஒரு அப்பா கேட்டார்: “அப்போ என் பொண்ணோடது?” சோடாபுட்டி தன் கண்ணாடியைக் கழற்றி அவசர அவசரமாகத் துடைக்கத் தொடங்கினாள். எல்லாரும் சுவரை இன்னொரு முறை பார்த்தார்கள். நாற்பத்தோரு கெட்டில், நாற்பத்தோரு மூக்கு, எல்லாம் ஒரே சாயல்.

“ஒரே கைல வெட்டின கட்டு” என்றாள் அம்மா, யாரிடமும் சொல்லாமல். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் போயிருந்தது. ஆனால் மகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தலைமையாசிரியை பல்லைக் கடித்தார். “படம் இல்லேன்னா மார்க் கிடையாது. அடுத்த வருஷம் கணக்குதான், புரியுதா?”

“முட்டை போடறதா இருந்தா என் படத்துக்குப் போடுங்க மேடம். இந்த நாற்பத்தெட்டு சாருக்குச் சேர வேண்டியது. பாவம், அவருக்கு அதுல ரெண்டு மார்க் குறைச்சல் வேற.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டிராயிங் சார்தான். சிரித்த பிறகு அவருக்கே அது பிடிபடாமல் மீசையைத் தடவிக்கொண்டார். அவளையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியையிடம் மெதுவாகச் சொன்னார்: “இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு மேடம். இப்போ போடட்டும். என்ன வருதோ அதுக்கு மார்க் போடறேன். முப்பது வந்தா முப்பது. மூணு வந்தா மூணு.”

“மூணு வந்தா கணக்கு சார்?” என்று கேட்டாள் அவள்.

“கணக்குதான்.”

“சரி.”

அம்மா ஒரு நாற்காலியிலிருந்து தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, அந்த நாற்காலியைக் கெட்டிலுக்கு நேராக இழுத்துப் போட்டாள். மகள் அதில் உட்கார்ந்து, சார் வரைந்த தாளைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் தொடங்கினாள். அத்தனை பேர் சுற்றி நின்று பார்க்கும்போது கை எக்கச்சக்கமாக வியர்த்தது. மூக்கு இந்தத் தடவை போன தடவையைவிடக் கோணலாகப் போனது. யாரோ ஒரு அம்மா “ஐயோ” என்றாள்.

தலைக்கு மேலே நிழல் விழுந்தது. டிராயிங் சார் தன்னை மறந்து, பென்சிலோடு மூக்கை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார்.

“கை, சார்” என்றாள், நிமிராமலே.

அவர் சட்டென்று நிமிர்ந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் நசுங்கலைப் போடத் தொடங்கினாள்.