தார்ப்பாய் போடல

அரியலூரில் வண்டியில் பின்னால் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி போனால், மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டவில்லை என்றால், "தார்ப்பாய் போடல" என்போம். ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கிவிடுவார். இதை யாரும் யாருக்கும் கற்றுத்தந்ததில்லை. லாரியிலிருந்து ஒரு கல் விழுந்து ஒரு மண்டை உடைந்தால் ஊரே கற்றுக்கொள்கிறது. அந்த இரண்டு சொற்களை இப்போது நான் சொல்வதில்லை. வாய்வரை வந்தாலும் விழுங்கிவிடுகிறேன்.

போன வருஷம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது நான் வந்த வாடகைக் கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. கூரை நசுங்கி என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. ஆட்கள் கடப்பாரையோடு வந்து கதவை நெம்பும்வரை அந்தத் தகரத்தைப் பார்த்தபடியே கிடந்தேன். காலில் கம்பி வைத்தார்கள், கால் தேறிவிட்டது. ஆனால் மூடிய வண்டி எதில் ஏறினாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும். கூட்டமான பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன், அடுத்த ஸ்டாப்பிலேயே அலறிக்கொண்டு இறங்கினேன். ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரம்பலூரில் கருவூலத்தில் வேலை. விடுப்பை இனி நீட்டிக்க வழியில்லை. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும்.

என் கணவர் சரத்குமார் விதைக்கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார், எதையாவது செய்துகொண்டு வந்து நிற்பார். அப்படித்தான் ஒரு நாள் கூரை திறக்கிற காரோடு வந்து நின்றார். லப்பைக்குடிகாட்டு சிநேகிதர் உசாமா ஆசைக்கு வாங்கியது. துபாய்க்குத் திரும்புவதால் விற்கிறாராம். வெளிநாட்டுக் கம்பெனி, அதன் வண்டிகளிலேயே கடைக்குட்டி. துணிக்கூரை, இரண்டே கதவு. தெருவே கூடி நின்று சிரித்தது. கல்யாண ஊர்வலமா என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே போய்விட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் தலைக்கு மேல் வெறும் வானத்தோடு நாலு தெரு சுற்றினோம். இறங்கும்போது அழுதேன்.

தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல, பூலாம்பாடியிலிருந்து காசிநாதன் வந்தார். பழைய கார் வாங்குகிறவர்கள் அவரிடம் காட்டாமல் வாங்க மாட்டார்கள். வண்டியைச் சுற்றி வந்தவர், முதலில் துணிக்கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தார்ப்பாயத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரி போகாத ஊர்க்காரர். அப்புறம் வழியெல்லாம் அவர் அதைத் தார்ப்பாய் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

அவரே ஓட்டினார். நான் முன்சீட்டில், சரத் பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு. பெரம்பலூர் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. காலையிலேயே வெயில் உறைத்தது. காசிநாதன் குறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். வேகத்தடையில் அடிவயிறு உரசுகிறது. கூரையை மடித்தால் டிக்கியில் சாப்பாட்டுப் பைக்குத்தான் இடம். மழை பிடித்தால் மெதுவாகப் போய்க்கொண்டே மூடலாம், ஆனால் முழுசாக மூடும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாதியில் நின்றுவிடும், பின்னால் ஒன்றும் தெரியாது. என்ஜின் மட்டும் தங்கம் என்றார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மூச்சு சீராக வந்தது, அது போதும். திங்கட்கிழமை என்ன புடவை கட்டுவது என்றுகூட யோசித்தேன்.

ஊரைத் தாண்டியதும் லாரிகள் தொடங்கின. எதிரே ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. சாலையோரச் செடிகள் எல்லாம் வெள்ளையாக நின்றன. என் பல்லில் நறநறவென்று மண். முன்னால் போன லாரி ஒரு குழியில் இறங்கி ஏற, மேலே கற்கள் புரளும் சத்தம் கேட்டது. கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் சொன்னேன்.

"தார்ப்பாய் போடல."

காசிநாதன் தலையாட்டினார். வேகத்தைக் குறைத்தார். நல்லவேளை, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

பின்னால் ஏதோ முனகிக்கொண்டு எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கறுப்பாக, என் தலைக்கு மேல் அது வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பெல்ட்டைத் தேடினேன், கைக்குச் சிக்கவில்லை. கதவைப் பிடித்து இழுத்தேன். சரத் ஏதோ கத்தினார். ஆனால் காசிநாதனின் கண் லாரியிலும் விரல் பொத்தானிலும் இருந்தன. பாதியில் விட்டால் ஆபத்து என்பதுதான் அவருக்குத் தெரிந்த பாடம்.

சரத் எழுந்து நின்று கூரைச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். அது ஒரு மனுஷனுக்கு நிற்கிற சாமானா? மடிப்புக் கம்பிகளுக்குள் அவருடைய வலது கை போய்விட்டது. அவர் அலறி நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன்.

காசிநாதன் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினார். பாதி எழுந்த கூரை சுவர்போல நின்றது. அதற்குப் பின்னால் லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. காசிநாதன் ஜாக்கிக் கம்பியை விட்டு நெம்பிக் கையை எடுத்தார். நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முந்தானையைச் சுற்றினேன், உடனே நனைந்துவிட்டது.

கூரை பின்னால் போகவில்லை. திறக்கிற பக்கம் அழுத்தினால் மோட்டார் இரைந்தது, அவ்வளவுதான். மூடுகிற பக்கம் மட்டும் அசைந்தது. போன் செய்தால், நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கை காட்டிய லாரி ஒன்றும் நிற்கவில்லை. சரத்தின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

காசிநாதன் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "நீங்க எறங்கி நில்லுங்கம்மா. மூடிக்கிட்டு நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடறேன்."

அதைத்தான் செய்ய ஆசைப்பட்டேன். உண்மையைச் சொன்னால் என்ன? சாலையோரத்தில் அந்த வெயிலில் நின்றுவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. ஆனால் சரத்தின் தலை துவண்டு விழுந்தது. அந்தக் கையை யார் அழுத்திப் பிடிப்பது?

முன்சீட்டை மடக்கி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பின்சீட்டுக்குக் கதவே இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"மூடுங்க" என்றேன்.

அது இறங்கியது. வானம் ஒரு கீற்றாகி, அதுவும் போனது. முன்கண்ணாடிக்கு மேலே டக்கென்று பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அரியலூர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அவருடைய கையை மட்டும் பிடித்திருந்தேன். துணி என் நெற்றியில் பட்டுக்கொண்டே வந்தது. ஏதோ ஒரு பிராணி ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் வழியெல்லாம் கேட்டது. அது நான்தான் என்று காசிநாதன் பிறகு சொன்னார்.

இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. மயக்கம் தெளிந்ததும் டாக்டர் அதைச் சரத்திடம் சொன்னார். அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை நீ எதுல போவ?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரல் போய்க் கிடக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"கார்லதாங்க. இப்ப மூடித்தானே வந்தேன், ஒண்ணும் ஆகல" என்றேன். "எனக்குச் சரியாயிடுச்சு."

அவர் கண்ணை மூடிச் சிரித்தார். அத்தனை நாளில் அவர் அப்படி நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த அறையின் கூரைகூட மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.