ஈ அண்டாத மாத்திரை

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருக்கும் லிங்கராஜ் மீன் வாங்க வந்தால் மீன்காரிகளுக்குத் தலைவலிதான். செவுளைத் திறப்பார், வயிற்றை அமுக்குவார், கடைசியில் ஈ உட்காருகிறதா என்று பார்ப்பார். "ஈயே அண்டலை. மருந்து போட்ட மீனு, எனக்கு வேண்டாம்" என்று போன வாரம் ஒரு கூடைச் சீலாவைத் தள்ளிவிட்டு வந்த மனிதர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பார்த்துப் பார்த்து வாங்கிய விளமீனை, மனைவி இந்துமதி புறவாசலில் அறுத்துக்கொண்டிருந்தாள். ஜிம்முக்குப் போய்விட்டு வந்தவர் அவள் முன்னால் ஒரு டப்பாவை வைத்தார். ஐம்பத்தைந்து வயதில் தன் கையில் சதை ஏறியது இதனால்தான் என்று அவர் நம்புகிற மாத்திரை.

"ஏளா, தினம் ஒண்ணு போடு. குரோத் ஹார்மோன் தானா ஊறுமாம், முகத்துச் சுருக்கமெல்லாம் போயிரும். நேத்து கல்யாண வீட்டுல உன்னை என் அக்காவான்னு ஒருத்தன் கேக்கான்."

கேட்டவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதை வீடு வரைக்கும் சுமந்து வந்தவர் மேல்தான் வந்தது.

ஒரு மாத்திரையை எடுத்து, அறுத்துப் போட்ட மீன் தலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மீன் தலையை ஈ மொய்த்தது. மாத்திரையை ஒன்றுகூடத் தொடவில்லை. லிங்கராஜும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

மிச்ச மாத்திரைகளைக் குடலும் செவுளும் கிடந்த சட்டியில் கவிழ்த்துவிட்டு இந்துமதி சொன்னாள்: "மருந்து போட்ட மீனு வேண்டாம். மருந்து போட்ட பொண்டாட்டி மட்டும் வேணுமாக்கும்."