பதினொன்று இருபதுக்கான கட்டம்

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக உதித்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. தங்கை வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இன்று பெண் விஞ்ஞானிகளுக்குப் பாராட்டு விழா. "விழா மலருக்கு உங்க தங்கச்சியப் பத்தி ஒரு கதை குடுங்க சார். படிச்சா கண்ணு கலங்கணும்" என்றார் மலர்க்குழுக்காரர்.

2

ஒரு கையில் குழந்தை, மறுகையில் சோதனைக் குழா—

(அவளுக்குக் குழந்தை இல்லை.)

சிறுவயதிலேயே விண்மீன்களை அண்ணாந்து பார்த்து—

(பார்த்தது எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் பின்பக்கத்தை. கழற்றிவிட்டு என்னைக் கைகாட்டினாள்.)

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன். மின்சாரம் இல்லாமல் தடுப்பூசியைக் குளிராக வைத்திருக்கும் பெட்டி ஒன்றை அவள் செய்திருக்கிறாள். ஆறு நாள் சோதனை. இன்று ஐந்தாம் நாள்.

"நான் விழாவுக்கு வரல சார். பெட்டிய விட்டு நகர முடியாது" என்றாள் இயக்குநரிடம்.

"பெண்களுக்குத் துணை நிற்போம்னு பேனர் கட்டியிருக்கோம். நீயே இல்லன்னா எப்படிம்மா?" என்றார் இயக்குநர்.

"அப்ப யாராவது பெட்டியப் பாத்துக்குவாங்களா?"

"எல்லாரும் மேடைல பேசறாங்களேம்மா."

ஆகவே, நான்.

"பெட்டிக்குள்ள எத்தனை டிகிரின்னு காட்டுற இந்த எண்ணப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்து, இந்தத் தாள்ல அந்தந்த நேரத்துக் கட்டத்துல எழுதணும்ணா. தானா எழுதுற கருவி படுத்துடுச்சு. பேனாவால எழுது. மறந்துட்டா, மறந்துட்டேன்னு எழுது. ஒரு காலிக் கட்டத்துக்கு நான் பதில் சொல்லிக்குவேன். நீ அடிச்சுவிட்ட எண் ஒண்ணு உள்ள வந்தா அத்தனை நாளும் பாழ்."

"என்னைப் பத்தி என்னன்னு நெனச்சே?"

"கதை எழுதறவன்னு."

4

(பதினொன்று: 5.2)

முடிவு ஒன்று: மேடையில் அவள் பேச எழுகிறாள். தொண்டை அடைக்கிறது.

(பதினொன்று பத்து: 5.3)

முடிவு இரண்டு: பொன்னாடையை உதறிவிட்டுப் பெட்டியிடம் ஓடி வருகிறாள். அரங்கமே எழுந்து நிற்கிறது. மலர்க்குழுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுகிறார். எழுத எழுத எனக்கே கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தேன்.

(பதினொன்று முப்பது: 5.9)

5

இருபது எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

5.6 என்று போட்டால் அச்சாகப் பொருந்தும். முப்பது வருடமாக நடக்காததை நடந்ததுபோல் எழுதிப் பெயர் வாங்கியவனுக்கு ஓர் எண் பெரிய காரியமா? வாசகரே, சத்தியமாகப் பேனா முனை கட்டத்தைத் தொட்டுவிட்டது. ஒரு புள்ளி விழுந்திருக்கிறது, பாருங்கள்.

எங்கோ ஒரு செவிலி இந்தப் பெட்டியை நம்பித் திறப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்கினேன்: "பார்க்கவில்லை. கதை எழுதிக்கொண்டிருந்தேன். — அண்ணன்."

(பதினொன்று நாற்பது: 5.9)

படியில் செருப்புச் சத்தம். பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே தாளுக்குத்தான் போனாள். இப்போது அவள் விரல் அந்தக் கட்டத்தின்மேல் நிற்கிறது.

என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பதினொன்று ஐம்பது ஆகிறது. நான் எண்ணைப் பார்க்க வேண்டும்.