ஒரு முழம் ஏறிய பலகை

சேரனுக்கு ஹாலந்து கிடைக்கக் கூடாது. தனக்குக் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, அவனுக்குக் கிடைக்கவே கூடாது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே ஜான்சி இதைத்தான் நினைத்துக்கொண்டு போவாள். மாதாவுக்கே தர்மசங்கடமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். எவ்வளவு மழை பெய்தால் கெடிலம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு மாடல் வேண்டும். சிதம்பரத்தில் பேராசிரியர் தில்லைநாதனிடம் ஆராய்ச்சி செய்யும் ஜான்சியும் சேரனும் ஆளுக்கொன்று செய்துகொண்டிருந்தார்கள். யாருடைய மாடல் தேறுகிறதோ அவருக்கு ஹாலந்தில் ஆறு மாதப் பயிற்சி. இடம் ஒன்றே ஒன்று.

ஜான்சி மூன்று வருஷமாக மாரடித்தவள். மண் எவ்வளவு குடிக்கும், ஏரிகள் எவ்வளவு பிடித்து வைக்கும் என்று ஒவ்வோர் எண்ணாகக் கூட்டிக் குறைத்துப் பழைய வெள்ளங்களோடு பொருத்திப் பார்ப்பாள். அவள் மாடல் எப்போதும் ஆறு ஓடியதைவிடக் குறைத்தே காட்டும். போன வருஷம் வந்து சேர்ந்த வடலூர்ப் பையன் சேரன், அந்த எண்களைக் கம்ப்யூட்டரே மாற்றி மாற்றிப் பார்க்கும்படி ஒரு புரோகிராம் எழுதினான். அதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். திரும்பி வந்தால் அவன் மாடல் போட்ட கோடு, ஆற்றில் நிஜமாக ஓடிய தண்ணீரின் கோட்டின் மேல் அப்படியே படுத்திருக்கும். அதை முதலில் பார்த்த அன்று ஜான்சிக்கு வயிறு எரிந்தது. "சூப்பர்டா சேரா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே தனியாக ஒரு ஹாலந்து கொடுக்கலாம்.

ஆனால் பழைய வெள்ளத்துக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. மாடல் பார்த்தே இராத ஒரு வருஷத்தைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு தில்லைநாதன் 2009-ஐ ஒதுக்கியிருந்தார். அந்த வருஷத்து நீர்மட்டத்தைத் திரட்டும் வேலை ஜான்சியுடையது. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் பாலத்தடியில் நட்டிருக்கும் அளவுப் பலகையைத் தினமும் பார்த்து எழுதி வைப்பவள் சின்னம்மாள். செப்டம்பரில் ஜான்சி போனபோது அவள்தான் சொன்னாள்.

"போன வருஷ வெள்ளத்துல பலக சாஞ்சு போச்சும்மா. பொங்கலுக்கு அப்பறம் பாலம் ரிப்பேர் பண்ண வந்தவுங்க புடுங்கி, ஒரு மொழம் மேல ஏத்தி நட்டுட்டாங்க. நான் பலகையில இருக்கறதத்தான் எழுதறேன்."

பலகை மேலே ஏறினால் அளவு குறைந்துபோகும். ஆறு இரண்டு மீட்டர் உயரம் ஓடினாலும் பலகை ஒன்றரை என்றுதான் காட்டும். ஜான்சி பாலத்துத் தூணில் டேப் பிடித்து அளந்தாள். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அதுவரைக்கும் அவள் நல்லவள்தான்.

ஜனவரியில் அளவுகளை ஒப்படைத்தபோது அந்தக் குறிப்பைச் சேர்க்கவில்லை. மறந்துவிட்டோம் என்று ஒரு வாரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவளே நம்பவில்லை.

மார்ச்சில் சோதனை நடந்தது. திரையில், எப்போதும் குறைத்துக் காட்டும் ஜான்சியின் கோடு, பலகை குறைத்துச் சொன்ன ஆற்றோடு ஜோடி போட்டுக்கொண்டு போனது. சேரனின் கோடு மேலே தனியாக நின்றது.

"என்னப்பா, இப்படித் தூக்கிக் காட்டுது?" என்றார் தில்லைநாதன். "ஆத்துல எடுத்த அளவுலயே ஏதாவது கோளாறா?"

ஜான்சி மடியிலிருந்த பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருக்காது சார்" என்றான் சேரன். "ஜான்சியக்கா வெயில்ல அலஞ்சு எடுத்துட்டு வந்தது. அவுங்க அளவு தப்பாவாது. என் மாடல்தான் தப்பு." அவள் பக்கம் திரும்பினான். "அங்க குளிரு ஜாஸ்தியாம்க்கா. இப்பவே ஸ்வெட்டர் வாங்கிடுங்க" என்று சிரித்தான்.

அது பொய்ச் சிரிப்பாக இருந்திருந்தால் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள். பொய்ச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இது அது இல்லை. இந்த எழவும் இவனுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "பலகைய ஏத்தி நட்டுருக்காங்க சார். அந்த வருஷம் பொங்கலுக்கு அப்பறம் எடுத்த அளவு எல்லாத்துக்கும் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் கூட்டணும்."

சேரனே உட்கார்ந்து கூட்டினான். திரையில் ஆறு எழும்பி அவன் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. ஜான்சியின் கோடு கீழே கிடந்தது. தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்புறம்தான் சேரன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் படித்தான். 12-9-2009 என்று அவள் கையெழுத்தில் இருந்த தேதிமேல் அவன் விரல் நின்றது.

"ஆறு மாசமா தெரியுமாக்கா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவன் நோட்டை மூடி, மெதுவாக அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

"சொன்னதுக்குத் தேங்க்ஸ், மேடம்" என்றான்.