மணல் வாளிக்கும் ஒரு பொட்டு

செஞ்சி வட்டாரக் கல்யாணங்களை ட்ரோன் விட்டுப் படமெடுக்கும் எழிலரசனுக்கு, பொண்டாட்டி ஷோபனாவைவிட பேட்டரிகள் மேல்தான் பயம் அதிகம். சார்ஜ் ஏறி முடிகிறவரை பக்கத்தைவிட்டு நகரமாட்டான். முழு சார்ஜில் சும்மா வைத்தால் ஆபத்தென்று, வேலையில்லாத நாட்களில் பாதி சார்ஜோடுதான் எடுத்து வைப்பான். தீப்பிடித்தால் கொட்டுவதற்கென்று, அவை இருக்கும் படுக்கையறையில் எப்போதும் ஒரு வாளி மணல் இருக்கும்.

ஒருநாள் ஷோபனா அங்கே கொசுவத்தி ஏற்றப் போனாள். "இன்னா பண்ற நீ? இது லித்தியம்! பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தினாலும் லேசுல அணையாது, வூடே போயிடும்!" என்று தெருவே கேட்கக் கத்தினான். அன்றிலிருந்து ஆறு மாதமாக அவள் கொசுக்கடியில்தான் தூங்குகிறாள்.

ஆயுத பூஜை வந்தது. எழிலரசன் எட்டு பேட்டரிகளையும் வாழையிலையில் அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தான். சாமி முன்னால் அரைகுறையாக வைக்கக் கூடாதென்று காலையிலேயே எல்லாவற்றுக்கும் முழு சார்ஜ் ஏற்றியிருந்தான். பிறகு தட்டு நிறையக் கற்பூரம் கொளுத்தி, அவற்றை உரசாத குறையாக மூன்று சுற்று காட்டினான்.

"லித்தியம்னு சொன்னீங்களே?" என்றாள் ஷோபனா.

"சாமி காரியத்துல அபசகுனமா பேசாத!"

அவள் பயந்துபோய் மணல் வாளியைத் தேடினாள். அது இலைக்குப் பக்கத்திலேயே பொட்டும் பூவுமாக இருந்தது. மணலில் செருகியிருந்த ஒரு கட்டு ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

ஷோபனா அதில் ஒன்றை உருவி, அவன் கண்ணெதிரிலேயே கொசுவத்தியைப் பற்ற வைத்தாள். மறக்காமல் அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.