மூன்று நாள் தனித்தட்டு

1991இல் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கென்று இருந்த ஒரே சொந்தச் சொத்து அதுதான் என்று நக்கலடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சண்முகரத்தினம் அதிலிருந்து சதை எடுத்துச் சோதித்துவிட்டு, நிணநீர்ச் சுரப்பியில் தொடங்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்றார்.

"கட்டிக்குள்ள ஒரு வைரஸும் இருக்கு, பாலன். எச்சில் வழியா பரவுற வைரஸ்..."

அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. "தேங்க்யூ டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வயது மகள் தேன்மொழிக்கு நான்தான் சோறு ஊட்டுவேன். கெம்போங் மீனில் முள் தப்பிவிடக் கூடாதென்று ஒவ்வொரு துண்டையும் முதலில் என் வாயில் போட்டு, நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாயில் வைப்பேன். இரண்டு வருடமாக, அவ்வளவு பொறுப்பாக!

அன்று முதல் எனக்குத் தனித்தட்டு, தனிக் குவளை. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு வந்தால் குளியலறைக்கு ஓடினேன்.

"என்னங்க, திடீர்னு வெள்ளைக்கார துரையா ஆயிட்டீங்களா?" என்றாள் மனைவி சந்திரகலா. வெறும் கொழுப்புக் கட்டி என்று அவளிடம் புளுகியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, தலை சீவும் சாக்கில் பிள்ளையின் கழுத்தைத் தடவினேன். காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி. எல்லாவற்றையும் சந்திரகலாவிடம் கொட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை. "செருப்பை மாட்டுங்க" என்றாள்.

டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முடியை விலக்கினார். "பேன். சொறிஞ்சு புண்ணாக்கி வச்சிருக்கா. அதான் நெறி கட்டியிருக்கு."

"அந்த வைரஸ்?"

"அது ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல இருக்கு லா. எனக்கும் இருக்கும், இவங்களுக்கும் இருக்கும். சின்ன வயசுல வந்து சும்மா படுத்துக் கிடக்கும். எங்கயோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும். உங்க புற்றுநோய் யாருக்கும் ஒட்டாது. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடிட்டீங்க."

லாட்டரியே விழாத எனக்கு இது விழுந்திருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அப்ப இவருக்கு?" என்றாள் சந்திரகலா.

மூன்று நாளாக எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி.

"மருந்துக்குக் கேக்கிற வகைதான். ஆனா கடுமையான மருந்து. நாள் கடத்தக் கூடாது."

"இன்னைக்கே சேத்துக்குங்க டாக்டர்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சட்டைக் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மறுபடி ஓடிவிடுவேனாம்.